முந்நூற்றைம்பது கிராம்

எழுபத்தாறு கிலோ. அதற்கு மேல் ஐம்பது கிராம் கூடினாலும் ஆவுடையம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று பால்வண்ணன் காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் கவலைப்படுகிறவர் மாதிரி உதட்டைப் பிதுக்கவும் செய்தார், பார்ப்பதற்குப் பக்கத்தில் ஈ காக்கை இல்லாதபோதும். திருநெல்வேலியில் அந்த விளையாட்டரங்கத்தின் பின்பக்கம் ஒரு சிமென்ட் பெஞ்சு, எதிரே சாத்தின கதவு, கதவில் ‘பெண்கள் எடை பார்க்கும் அறை, ஆண்களுக்கு அனுமதி இல்லை’ என்று ஒட்டின தாள். ஏழு மணிதான் ஆகியிருந்தது, அதற்குள் வெயில் பிடரியில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே அவருடைய பெண்டாட்டி வரிசையில் நிற்கிறாள். நாற்பத்தொன்பது வயது, ஓசூரில் வேலை பார்க்கிற பையனுக்குத் தாய், இன்று மத்தியானத்துக்குள் நூற்றுப்பத்துக் கிலோ இரும்பைத் தரையிலிருந்து தூக்கி நிமிரப்போகிறாளாம். நாற்பது வயதைத் தாண்டின பெண்களுக்கான மாவட்ட வலுதூக்கும் போட்டி. எந்த எடைப் பிரிவில் பெயர் கொடுத்தார்களோ அதற்குள் உடம்பு நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் மேடைப் பக்கமே விடமாட்டார்கள். நின்றுவிடும் என்றாள், அவளுக்குப் பயிற்சி கொடுக்கிற ஜெபராணி. சங்கரன்கோவிலிலிருந்து வந்த பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஜெபராணியும் ஆவுடையும் உட்கார, அவர் பின்சீட்டில் ஒரு முட்டைக்கோஸ் மூட்டைக்காரனோடு நெருக்கிக்கொண்டு வந்தார். ‘நின்னுரும் அண்ணாச்சி, மூணு நாளா உப்பே சேக்கலல்லா’ என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏனென்றால் மூன்று நாளாக ஆவுடைக்குச் சமைத்தவர் அவர். மூன்று நாளும் உப்புப் போட்டவரும் அவர்தான். அது ஜெபராணிக்குத் தெரியாது, ஆவுடைக்கும் தெரியாது, அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற எடைப்பலகைக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். பலகைக்குத் தெரிந்தால் என்ன, அது யார் போட்டதென்றா சொல்லப்போகிறது என்று நினைத்து ஆறுதல்பட்டார். ஆறுதல் அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.

கையை விடுங்க அண்ணாச்சி. எல்லாம் அந்தச் சொல்லில்தான் தொடங்கிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால், உரக்கடை மாடியில், அதாவது மாடிக்குப் போகிற படிக்கட்டின் அடியில். ஆவுடைக்கு அப்போது நூற்று மூன்று கிலோ. இருபத்தைந்து கிலோவாவது இறக்காவிட்டால் இரண்டு முட்டியையும் அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உரக்கடைக்கு மேலே பெண்களுக்கென்று ஒரு ஜிம் திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனதும் அவர்தான். இதை நினைத்தால் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். இருபத்திரண்டு படி. ஆவுடை படியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் வழக்கம்போல் கக்கத்தில் கையைக் கொடுத்தார். அப்போது மேலேயிருந்து இறங்கி வந்தாள் ஜெபராணி. கடற்கரைப் பக்கத்துக்காரி, முப்பத்திரண்டு வயது, ஒரு காலத்தில் மாநில அளவில் தூக்கியவள், முதுகு போனதும் மற்றவர்களைத் தூக்கவைக்கக் கிளம்பியவள். பொம்பளைதான், ஆனாலும் எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். வந்தவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. ‘கையை விடுங்க அண்ணாச்சி’ என்றாள். ‘விழுந்துருவாம்மா, பாவம், முட்டி சரியில்ல’ என்றார் இவர். ‘விழுந்தா நான் பாத்துக்கிடுதேன். அக்கா, படி எங்கயும் ஓடிராது, நிதானமா வாங்க.’ அவர் விட்டார். ஆவுடை சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் நின்றாள், நாலாவது படியில் அழுதாள், பத்தாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். ஜெபராணி பக்கத்தில் உட்கார்ந்து என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதற்கு ஆவுடை ‘சும்மா பேசிக்கிட்டிருந்தோம்’ என்றுவிட்டாள். மேல் படியில் போய் நின்று அவள் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. கீழே நின்ற அவருடைய கை, பிடிக்க ஆளில்லாமல், இன்னும் மடங்கினபடியே இருந்தது.

அதுவரைக்கும் அவருக்கு அந்தத் தெருவில் என்ன பெயர் தெரியுமா. ‘பால்வண்ணன் மாதிரி ஒரு மாப்பிள்ளை கெடைக்கணும்ளா’ என்று பெண் வைத்திருக்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்வார்கள். கல்யாண வீட்டு வாசலில், நூறு பேர் பார்க்க, குத்தவைத்து உட்கார்ந்து ஆவுடைக்குச் செருப்பு வாரைப் பூட்டிவிடுவார். அவளால் குனிய முடியாது. பூட்டிவிட்டு நிமிரும்போது எத்தனை கண்கள் தன்மேல் என்று எண்ணாமல் இருந்ததில்லை, அதைப் பொய் சொல்வானேன். சாயங்காலம் கல்லூரி ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு வரும்போது கையில் நூறு கிராம் மிக்சரும் நூறு கிராம் அல்வாவும் இருக்கும். அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முட்டிக்குத் தைலம் தேய்ப்பார். பிரியம்தான். பிரியமில்லாமல் ஒருத்தன் இருபது வருஷம் அல்வா வாங்குவானா? கேட்கிறேன், வாங்குவானா? ஆனால் அந்தக் கேள்வி போகிற போக்கு அவருக்குப் பிடிக்காது, டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்ன வருஷமும் அவர் வாங்கிக்கொண்டுதானே இருந்தார் என்று அது போய் முட்டும். ‘பாவம், வேற என்ன சந்தோசம் இருக்கு அவளுக்கு’ என்று அன்றைக்குக் கடைக்காரனிடம் சொன்னதும் நினைவு வரும். ஜெபராணி பாவம் என்று சொல்வதேயில்லை. இதை ஒருநாள் ஆவுடையே சொன்னாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டு, பெரிய விஷயம்போலவே இல்லாமல்: ‘மாஸ்டர் ஒருநாளும் என்னயப் பாத்து பாவம்னு சொன்னதில்ல.’ வேறு எதுவும் செய்யவில்லை அந்தப் பெண், மந்திரமா மாயமா. ஒருத்தியைப் பார்த்து முடியும் என்று நம்பினாள், நம்பினதை நாள் தவறாமல் காலை ஐந்தரை மணிக்கு வந்து நின்று காட்டினாள். நூற்று மூன்று தொண்ணூறு ஆயிற்று, தொண்ணூறு எண்பதாயிற்று. ஆவுடை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். சைக்கிள் கற்றுக்கொண்டாள். கேஸ் சிலிண்டரைச் சமையலறைக்கு உருட்டாமல் தூக்கிக்கொண்டே போய் வைத்தாள், அதை அவர் வாசலில் நின்று பார்த்தார். செருப்புப் பூட்டக் குனிந்தவரை ஒருநாள் ‘எந்திரிங்க, நாலு பேரு பாக்காங்க’ என்றாள். நாலு பேர் பார்க்கத்தானே என்று நாக்கு நுனிவரை வந்தது.

குறை கண்டுபிடிக்க அவர் பாடுபடாமலில்லை. உடம்பு கெட்டுப்போகும் என்றார், ரத்தப் பரிசோதனை நன்றாக வந்து தொலைத்தது. ஊர் என்ன சொல்லும் என்றார், ஊரில் பாதிப் பெண்கள் உரக்கடை மாடியில்தான் கிடந்தார்கள். அந்தப் பெண் ஒருமாதிரி என்று பக்கத்து வீட்டில் மெல்ல விட்டுப்பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரி ‘அண்ணாச்சிக்கு என்ன இப்படிப் பேச்சு’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம்தான் ஈரோடு வந்தது. இன்றைக்கு ஜெயித்தால் மாநிலப் போட்டி, ஈரோட்டில், நான்கு நாள். ‘நானும் லீவு போட்டுருதேன்’ என்றார். ‘நீங்க வரவேண்டாம், மாஸ்டர் இருக்காங்கல்லா’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, பால்காரனிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. நீங்க வரவேண்டாம். பரிசோதனைக் குழாய்களைக் கழுவும்போது அது கேட்டது. நீங்க வரவேண்டாம். முதல் வருஷப் பையன்களுக்கு உப்பு நிறுத்துக் கொடுக்கும்போது கேட்டது. உப்பு என்றதும் மனசு மறுபடி அங்கேயே வந்து நின்றது. எங்கே சுற்றினாலும் அங்கேதான் வருகிறது. முதல் நாள் போட்டது கை. அது சத்தியம். ஜெபராணி எழுதிக்கொடுத்த தாள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது, உப்பு கூடாது, ஊறுகாய் அப்பளம் கூடாது என்று. அதைப் பார்த்து ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட அவரே எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அடுப்படியில் நின்றால் கை தன்னால் உப்பு ஜாடிக்குப் போகும், எல்லோர் கையும் போகும். வெள்ளரிக்காய் மோரில் விழுந்தது அரைக் கரண்டி. விழுந்த பிறகு பார்த்தார். கொட்டியிருக்கலாம், மோர்தானே, காசா பணமா. கொட்டவில்லை. எலுமிச்சை பிழிந்தார். புளிப்புக் கூடினால் உப்புத் தெரியாது என்று முப்பது வருஷம் ரசாயனக் கூடத்தில் கிடந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆவுடை ஒரு வாய் குடித்தாள், டம்ளருக்கு மேலாக அவரைப் பார்த்தாள், ‘நல்லா இருக்கு’ என்றாள், மீதியையும் குடித்தாள்.

இரண்டாம் நாள் கை அல்ல. இரண்டாம் நாள் அவர் நிறுத்துப் போட்டார். வீட்டில் தராசு கிடையாது, ஆனால் இரண்டு கிராம் உப்பு விரலில் எப்படி இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும். ஒரு கிராம் உப்பு உடம்பில் கிட்டத்தட்ட நூறு கிராம் தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும் என்று பேராசிரியர் ஒருவர் டீ குடிக்கையில் சொன்னது தேவையான நேரத்தில் நினைவு வந்தது. கஞ்சியில் இரண்டு, மோரில் இரண்டு, கீரையில் ஒன்று. மூன்றாம் நாளும் அதே. ஏன் போட்டாய் என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் காரணங்கள் தயாராக இருந்தன. உப்பில்லாமல் மயங்கி விழுந்துவிட்டால்? நூற்றுப்பத்துக் கிலோவைத் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டால்? அவள் நன்மைக்குத்தானே? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், எல்லாம் உள்ளே வெறும் கூடாயிருந்தன. அவள் ஒரு தடவை தோற்க வேண்டும், அவ்வளவுதான். தோற்றால் அழுவாள். அழுதால் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், பாவம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். பஸ்ஸில் அந்த இரண்டு பேர் சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போவதைக்கூட நேற்று அவர் நினைத்துப் பார்த்திருந்தார். நினைத்தபோது சுகமாக இருந்தது. இப்போது நினைத்தால் கூசிற்று, இருந்தும் சுகம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல முடியவில்லை. சீ, என்ன மனுஷன் என்று முனகிக்கொண்டார். முனகி முடிப்பதற்குள் கதவு திறந்தது.

ஜெபராணி முதலில் வந்தாள், முகம் கறுத்திருந்தது. ‘முந்நூத்தம்பது கிராம் கூட நிக்கு அண்ணாச்சி’ என்றாள். ‘தன்னால இறங்கிருக்கணும். எங்க பெசகிச்சுன்னு புரியல. எட்டரைக்குள்ள மறுபடி ஒருக்க ஏறிப் பாக்கலாம், அதுக்குள்ள வேர்வைல எறக்கணும்.’ அவள் பார்வை அவர் மேலேயே இருந்தது. கேட்கப்போகிறாள், என்ன சமைச்சீங்க என்று கேட்கப்போகிறாள். அதற்குள் பின்னால் வந்த ஆவுடை, ‘அவுகள ஏன் பாக்கீங்க, தப்பு என்மேலதான் மாஸ்டர்’ என்றாள். ‘முந்தாநாளு நாக்கு கேக்காம ஊறுகா தொட்டுக்கிட்டேன்.’ ஜெபராணி நெற்றியில் தட்டிக்கொண்டாள். ‘நல்ல அக்கா போங்க. சரி, போட்டுட்டு ஓடுங்க’ என்று பையிலிருந்து ஒரு மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள். வீட்டில் ஊறுகாய் இல்லை. பாட்டில் எதிர்வீட்டில் இருக்கிறது. இந்த வெயிலில் கழுத்துவரைக்கும் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஆவுடை மைதானத்தில் ஓட ஆரம்பித்தாள். ஒரு சுற்று. அவர் பெஞ்சைத் தாண்டும்போது அவர் பக்கம் பார்க்கவில்லை. ஊறுகாய் என்று ஏன் சொன்னாள்? ஒருவேளை ஜிம்மில் யாராவது கொடுத்திருப்பார்கள். இரண்டாவது சுற்று. மூச்சு வாங்கிற்று, முகம் வெந்த கிழங்கு மாதிரி சிவந்திருந்தது. நிஜமாகவே யாராவது கொடுத்திருப்பார்கள், அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மூன்றாவது சுற்றில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. அவர் பதறி எழுந்து குனியப்போனார், ‘இருங்க’ என்றுவிட்டுத் தானே குனிந்து கட்டினாள். கட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல், ஜெபராணிக்குக் கேட்காத குரலில் பேசினாள். ‘மொத நாளே தெரியும்.’ ‘தெரிஞ்சுமா குடிச்ச?’ என்று அவர் குரல்தான் கேட்டது, எங்கேயிருந்தோ. ‘கை மறதின்னு நெனச்சேன். ரெண்டாவது நாளு போட மாட்டீங்கன்னு பாத்தேன். மூணாவது நாளு நிச்சயமாப் போட மாட்டீங்கன்னு பாத்தேன்’ என்றாள். முடிச்சை இறுக்கினாள். ‘நான் கொட்டிட்டா, நீங்க நிறுத்துவீங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாமலே போயிருமே.’ எழுந்து ஓடினாள்.

கோமதித் தாயே, இறங்கிவிட வேண்டும். முந்நூற்றைம்பது கிராம்தானே, ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை, இறங்கிவிட வேண்டும் தாயே. ஆடித்தபசுக்கு உன் கோயிலை நூற்றொரு சுற்றுச் சுற்றுகிறேன், முட்டி தேய்ந்தாலும் சுற்றுகிறேன். ஈரோட்டுக்கு அவள் போகட்டும், நான்கு நாள் என்ன, நாற்பது நாள் இருந்துவிட்டு வரட்டும், நான் பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன். அதுவும் வேண்டாமென்றால் வாசலோடு நின்றுகொள்கிறேன். பால்வண்ணன் வாய்க்குள் இப்படியே சொல்லிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கண்ணில் தண்ணீர் நின்றது, வெட்கம் காதுமடல்வரைக்கும் சுட்டது. மூன்று நாள். மூன்று நாளும் அவள் டம்ளரைக் கையில் வாங்கும்போது அவருக்கு ஒரு வாய்தா கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வாயிலும் கொடுத்திருக்கிறாள். அவரோ அவள் குடிக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருக்கிறார். திருந்திவிட்டேன் தாயே, என்று மனசு அடித்துச் சொன்னது. பொய்யில்லை, அந்த நிமிஷத்தில் அவர் வேண்டிக்கொண்டது அத்தனையும் நிஜம், உயிரைக் கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார். ஆவுடை ஆறாவது சுற்று முடித்தாள், ஏழாவது முடித்தாள், மழைக்கோட்டின் கைநுனியிலிருந்து வேர்வை சொட்டிற்று. எட்டே காலுக்கு ஜெபராணி அவளைத் தோளில் தட்டி உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் எழுந்து கதவுக்கு நேரே போய் நின்றார், கைகள் தாமாகக் கூப்பிக்கொண்டன. உள்ளே பெண்கள் பேசுவது கேட்டது, எதையோ நகர்த்துவது கேட்டது, பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாத நேரத்தில்கூட அவர் இறங்கட்டும், இறங்கட்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஜெபராணியின் கூச்சல் கதவைத் தாண்டி வந்தது: ‘எழுபத்தஞ்சு தொள்ளாயிரம்! அக்கா! நூறு கிராம் உள்ள நிக்கு!’ அப்போது பால்வண்ணனுக்குள் முதலில் வந்தது ஏமாற்றம். சந்தோஷம் இல்லை, நன்றி இல்லை, ஏமாற்றம். கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போவதைப் பார்க்கிறவனுக்கு நெஞ்சில் பொத்தென்று விழுமே, அது. இரண்டு விநாடி இருக்கும். அடுத்த விநாடி சந்தோஷமும் வந்தது, கண்ணீரும் வந்தது, எல்லாம் நிஜமாகவே வந்தன, ஆனால் பின்னால்தான் வந்தன. அந்த இரண்டு விநாடிக்குள் கதவு திறந்துவிட்டது. ஆவுடை வெளியே வந்துவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பாக, இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கத்தில் வேறு யாரையும் பார்க்காமல் நேரே அவர் முகத்தைத்தான் தேடினாள். பார்த்துவிட்டாள். அவர் அவசரமாகச் சிரித்தார், கூப்பின கையை இன்னும் உயர்த்திக் காட்டினார், ‘நான் வேண்டிக்கிட்டேன்ட்டி, சத்தியமா வேண்டிக்கிட்டே இருந்தேன்’ என்றார். ‘கேட்டுச்சு’ என்றாள் ஆவுடை. அப்புறம் ஜெபராணி பக்கம் திரும்பி, ‘பசிக்கு மாஸ்டர், ஏதாவது வாங்கித் தாங்க’ என்றாள். இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி இட்லிக் கடைப் பக்கம் நடந்தார்கள்.